காலில்லாத் தொட்டியின் கசடு

தொட்டி நீர் பழுப்பேறியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “பாத்தீங்களா, உடம்புக்குள்ள எவ்வளவு நஞ்சு!” என்று முகம் சுளிப்பது அழகுநிலையக்காரியின் வழக்கம். உப்புநீரில் காலை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அழுக்கெல்லாம் உள்ளங்கால் வழியே இறங்கிவிடும் என்று இயந்திரம் விற்றவன் சொன்னான், அவளும் நம்பினாள்.

அவளைவிட அதிகமாக நம்பியவள் அவளுடைய அக்கா. வாரந்தவறாமல் வந்து, சளிபோல் மிதக்கும் கசடைப் பார்த்துக் குமட்டுவாள். புதிதாய்ப் பிறந்த பேத்தியை அவள் இன்னும் தொடவில்லை. “சாக்கடைய உடம்புல வச்சுக்கிட்டுப் பச்சக்குழந்தையத் தூக்கச் சொல்றியா? தண்ணி தெளியட்டும்டி,” என்பாள். தண்ணீர் தெளிந்தபாடில்லை.

அன்று தங்கை பொத்தானை அழுத்திய நேரத்தில் அக்காவுக்கு மகளிடமிருந்து அழைப்பு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டாள். துண்டெடுத்துத் திரும்பிய தங்கை திகைத்தாள். காலே படாத தொட்டியில் அதே பழுப்பு, அதே நுரை, அதே கசடு.

மூக்கைப் பொத்தப் போன கை பாதியில் நின்றது. இணைப்பைப் பிடுங்கிவிட்டு தொட்டிக்குள் மின்சாரம் பாய்ச்சும் இரும்புக் கம்பிகளைத் தூக்கினாள். ஒன்று கறையான் அரித்த குச்சியாய் இளைத்திருந்தது. மாதாமாதம் கம்பி மாற்றியவள், தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அது தண்ணீருக்குள்தான் போயிருந்தது. மின்சாரம் இரும்பு அணுவிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. அணுக்கருவின் புரோட்டான்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நேர்மின்னேற்றம் மிஞ்சிய அணு, அயனியாகி நீரில் இறங்கித் துருவாகிறது. பள்ளியில் அவளும் படித்ததுதான். பரீட்சைத் தாளோடு அதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

எத்தனை பேரை வாய்கூசாமல் அழுக்கு என்று சொல்லியிருக்கிறாள்!

“என்னடி, காலை வைக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா திரும்பி வந்தாள்.

“வேணாம்க்கா. இங்க பாரு. உன் கால் படவே இல்ல. இது கம்பியோட துரு.”

“அப்போ இத்தன நாளா என் உடம்புலேர்ந்து வந்தது?”

“அதுவும் துருதான்க்கா.”

“தூ! அதுக்கு நீ மூக்க வேற பொத்தினியேடி! என் பேத்திய எட்ட நின்னு பாக்க வச்சிட்டியே, பாவி!”

தங்கை தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி, அக்காவின் கால்களைத் தன் கையால் கழுவினாள். நீர் தெளிவாகவே இருந்தது.

மறுநாள் தொட்டியை வாசலில் வைத்து, காலில்லாமலே ஓடவிட்டாள். பழைய வாடிக்கையாளர்களை அழைத்து, “அது உங்க அழுக்கு இல்லீங்க. தப்பு என்னுது,” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

உள்ளே, மடியில் பேத்தியைக் கிடத்தியிருந்த அக்கா குரல் கொடுத்தாள்: “சத்தமா சொல்லுடி, கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல!”