கேட்கக் கூடாத இடம்

"எனக்கு ஓட்டுப் போடுவீங்களா, ஆர்டிஸ் அத்தை?"

காபி ஊற்றியபடியே மாரித் கேட்டாள். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த பன்றிக்கறி பன் பாதி வழியில் நின்றது. ஆர்டிஸ் அதைத் தட்டில் இறக்கி வைத்தாள். சர்ச்சின் கீழ்க்கூடம் முழுக்க ஜனம். எல்லோருடைய பூட்ஸிலும் இடுகாட்டு மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏண்டி, உங்கப்பன் காதுல விழப்போகுது."

"விழட்டும். இப்பதானே போனாரு, ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு."

யாருக்கோ புரையேறியது.

சற்று முன் அவர்கள் புதைத்துவிட்டு வந்த மாரித்தின் அப்பா ஹால்வர் நெஸ்டாட் வீட்டில் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. மாடு ஏலம் விட்டுக் குரல் வளர்த்தவர் அவர். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர். அந்தக் குரலை வைத்தே இரண்டு தேர்தல் ஜெயித்து வட டகோட்டா மாநிலத்துக்குக் கவர்னர் ஆனார். பிறகு பராகுவேக்குத் தூதராகப் போய், அங்கேயும் வாய் மூடாமல் இருந்துவிட்டு வந்தார். பிள்ளைகளிடம் அவர் சொன்னது இதுதான்: "சந்தையில ஓட்டுக் கேளு, பார்ல கேளு, கக்கூஸ் வரிசையில நின்னுகூடக் கேளு. சாவு விழுந்த எடத்துல மட்டும் வாயைத் திறக்காதே."

மாரித் திறந்துவிட்டாள். வேறு வழியில்லை. மாநில செனட் சபையில் அவர்கள் ஊர்த் தொகுதி காலியாகிவிட்டது. பெயர் கொடுக்க இன்று மாலைதான் கடைசி. கட்சியின் மாவட்டத் தலைவர் ப்ரூக்கர் அவளுடைய அண்ணன் டேலை நிறுத்துவதாக முடிவு செய்திருந்தார். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ச் சட்டம் படித்தவள் அவள். அவளிடம் ப்ரூக்கர் சொன்னது: "நீ படிச்ச பொண்ணும்மா. நல்லா எழுதிக் குடு, அண்ணன் படிக்கட்டும்."



ப்ரூக்கர் இப்போது மேசைகளுக்கு நடுவே புகுந்து வந்தார். "மண்ணு போட்ட ஈரம் காயல, அதுக்குள்ள பிரசாரமா? வெக்கமா இல்ல?"

"உங்க கையில ஸ்பூன் எதுக்கு மாமா?"

"எதுக்கா? அஞ்சலி சொல்ல. கிளாஸ்ல தட்டுனாத்தானே எல்லாரும் திரும்புவாங்க."

"அஞ்சலி முடிஞ்சதும் டேல் பேரைச் சொல்லத்தானே?"

ப்ரூக்கர் ஸ்பூனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மாரித் ஆர்டிஸ் பக்கம் திரும்பினாள். "அத்தை, உங்க வீட்டுக்காரர் சாவுக்கு அப்பா வந்தாரா?"

"வராம? இதே மேசைதான். மூணு தட்டு சாப்பிட்டாரு. என் ஜெல்லி சாலட்டைக்கூட விடல. அதை என் பிள்ளைங்களே தொட மாட்டாங்க."

"ஓட்டுக் கேட்டாரா?"

"சேச்சே! ஒரு வார்த்தை?"

"அந்த வருஷம் யாருக்குப் போட்டீங்க?"

"இதென்னடி கேள்வி? அவருக்குத்..." ஆர்டிஸ் நிறுத்தினாள். மெல்ல அவள் வாய் கோணியது. "அடப்பாவி மனுஷா."

மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்த பராகுவே ஆள் எவுசேபியோ தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். அந்நாட்டின் தலைநகர் அசுன்சியோனில் விவசாய அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தவர். நண்பரைப் புதைக்க மூன்று விமானம் மாறி வந்திருந்தார். "எங்கம்மா சாவுக்கும் வந்தாருங்க! ராத்திரி முழுக்க எங்க மாமாக்களோட உக்காந்து சீட்டாடினாரு. ஒப்பந்தத்தைப் பத்தி மூச்சு விடல. மறுவாரம் நானே பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அது என்ன ஒப்பந்தம்னு இன்னி வரைக்கும் எனக்குச் சரியாத் தெரியாது!"

கூடமே சிரித்தது. மாரித்தும் சிரித்தாள். குனிந்து, நிரம்பியிருந்த கோப்பையிலேயே இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

"பாத்தீங்களா மாமா?" என்றாள் ப்ரூக்கரிடம். "அவரு வாயைத் திறக்காமலே வாங்கிட்டுப் போனாரு. எனக்கு அந்த மூஞ்சி இல்ல. நான் கேட்டுத்தான் வாங்கணும்."

"டேல்! நீயாவது சொல்லுப்பா!" என்று கத்தினார் ப்ரூக்கர்.

டேல் வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "எனக்கு மாடு ஒண்ணு கன்னு போடப்போகுது மாமா. தலைக்கன்னு. நான் கூட இருக்கணும்."

"அதனால?"

"அதனால அவளே போகட்டும். எப்படியும் அவ எழுதினதைத்தான் நான் படிக்கணும். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே விடிஞ்சிரும்."

ஆர்டிஸ் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி மாரித்தின் கையில் திணித்தாள். "பேர் குடுக்கப் போனா கோர்ட் ஆபீஸ்ல காக்க வைப்பானுங்க. தின்னுக்கிட்டே நில்லு. ஒல்லியா இருந்தா எவன் மதிப்பான்?"

"இன்னும் பேசி முடிக்கல, மாரித்" என்றார் ப்ரூக்கர்.

"நான் முடிச்சிட்டேன் மாமா."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினாள். வெளியே மார்ச் பனி பொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் சவ வண்டி நின்றது. அதன் ஓட்டுநர் கேக் தின்றபடி சாய்ந்து நின்றார்.

"எனக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

"நான் பக்கத்து மாவட்டம்மா."

"பரவாயில்ல, சாப்பிடுங்க."

வண்டியின் பின்கதவு திறந்தே கிடந்தது. பெட்டி இருந்த இடத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. மாரித் கையால் அதைத் தள்ளிவிட்டாள். கதவைச் சாத்தினாள். சாலையைக் கடந்து கோர்ட் ஆபீஸை நோக்கி நடந்தாள்.