மூன்றாம் மாடியின் நான்கு மூலைகள்

அந்த மருத்துவமனைக் கட்டடத்தை வரைந்தவள் அக்கா. அதில் தானாக ஓடி வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோகும் வண்டியின் மூளையை வடிவமைத்தவள் தங்கை. இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை அமைந்தது தற்செயல்தான்.

மற்ற தளங்களில் வண்டி ஒழுங்காக ஓடியது. மூன்றாம் மாடியில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. நர்சுகள் அதற்கு ‘ராட்டினம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"உன் வண்டிக்கு ஞாபகம் பத்தல," என்றாள் அக்கா.

"ஞாபகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லக்கா. அந்த மாடில மட்டும் நாலு மூலையும் அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தா, எதை வச்சுப் பிரிச்சுப் பார்க்கும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அதன்பின் தங்கை இரண்டு நாள் அக்காவின் போனை எடுக்கவில்லை.

வண்டியின் குறைகளைத் தானே குறித்துவைக்கலாம் என்று அக்கா மூன்றாம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வண்டி ஏழு முறை கடந்தது. கையில் டீ பிளாஸ்க்குடன் ஒரு பெரியவர் மூன்று முறை கடந்தார். நாலாவது முறை நின்றார்.

"அம்மா, என் வீட்டுக்காரி ரூம் எதுன்னு தெரியல. எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"உங்க புத்திக்கு ஒண்ணும் இல்லைங்க," என்று அவரைக் கூட்டிப்போனாள். அவளே முதலில் தவறான கதவைத்தான் திறந்தாள்.

அன்று மாலை தங்கையின் அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொன்னாள். "கூடம் கோணல்தான்டி."

தங்கை சிரிக்கவில்லை. "அந்தப் பெரியவர் நின்னு கேட்டாருல்ல? என் வண்டிக்கு அது தெரியாதுக்கா. பார்க்க ஒரு பகுதி, நினைவுக்கு ஒரு பகுதி, முடிவெடுக்க ஒரு பகுதி வச்சேன். ‘தெரியல’ன்னு நிக்க இடமே வைக்கல."

நிர்வாகக் கூட்டத்தில் அக்கா தன் தவறை ஒளிக்காமல் சொன்னாள். தாழ்வாரத்தின் ஒரு மூலையை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். அதன் வழியே தண்ணீர்த் தொட்டியும் கார் நிறுத்துமிடமும் தெரிந்தன. மற்ற மூன்று மூலைகளுக்கும் வெவ்வேறு நிறம் அடித்தார்கள். வழி தெரியாவிட்டால் இப்போது வண்டி நின்று மணி அடிக்கும். யாராவது வந்து திருப்பிவிடுவார்கள்.

நர்சுகளிடம் வழி கேட்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் வண்டி சில நாள் லிஃப்ட் முன்னால் காரணமே இல்லாமல் நின்று மணி அடிக்கிறது. ஏனென்று தங்கைக்கு இன்னும் பிடிபடவில்லை.