பாட்டுக்குப் பேசிய விலை

ஸக்கரியா மாமாவின் பாட்டுகளுக்கு மருமகன் றம்ஸி பேசி முடித்த விலை ஓர் உம்ரா, மக்காவுக்கு ஒரு புனிதப் பயணம். சில்லறையாக அல்ல, மொத்தமாக. மஸ்கட் காலத்துக் கசெட்டுகள், கைபேசியில் குவிந்து கிடந்தவை, இனிமேல் வரப்போகிறவை, எல்லாம் அதற்குள் அடக்கம்.

மூச்சடங்கிப் போன அந்த மாமாவைத்தான் இப்போது கொல்லையில் துணி மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். றம்ஸி வாளியிலிருந்து கற்பூரத் தண்ணீரை மொண்டு ஊற்றினான்.

“மெல்ல ஊத்துங்க தம்பி. மிளகுச் சாக்கா கழுவுறீங்க?” என்றார் குளிப்பாட்டிய ஜவாஹிர் நானா.

றம்ஸி மெல்ல ஊற்றினான். மாத்தளைக் கடைத்தெருவில் அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இரத்தோட்டையிலிருந்து மிளகு கொண்டுவருகிறவன் றம்ஸியின் முகத்தைப் பார்த்து விலை பேசக் கூடாது, தராசைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பார்கள். முகம் எந்த நேரமும் நட்டம் நட்டம் என்று அழும்; தராசு மட்டும் ஒரு கிராம் பிசகாது. பேரத்தில் தோலை உரிப்பான், ஆனால் பேசி முடித்தால் முடித்ததுதான், மறுநாள் காலையில் சல்லி வந்துவிடும். அப்படியொரு பெயர் அவனுக்கு. அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் யாரும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமாவும் தானாகச் சொன்னதில்லை.

மஸ்கட்டில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் மாமா வேலை பார்த்தபோது ஒரே அறையில் நாலு பேர். சூடான் பஷீர், ஸான்சிபார் ஜுமா, பிலிப்பைன் ரொமேல், மாமா. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழக்கிழமை இரவு பாட்டுக் கச்சேரி. ஆளுக்கொரு பாட்டு, அவரவர் ஊர்ப் பாட்டு. போட்டால் மட்டும் போதாது. அது என்ன ஞாபகத்தைக் கொண்டுவருகிறது என்று சொல்லியாக வேண்டும். ஞாபகம் இல்லாத பாட்டுக்கு அந்த அறையில் இடமில்லை. பஷீருடைய பாட்டில் ஆறு பெருகிவரும். அதைப் பார்க்கப் போய்த் திரும்பாத தம்பியை நினைத்து அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஜுமாவுக்குக் கலியாண வீட்டுப் பெண்கள் பாடும் பாட்டு. ரொமேலுக்கு அவன் பொஞ்சாதி பாடிப் பதிந்து அனுப்பியதே போதும். மாமா போட்டது துள்ளல் தாளத்தில் ஒரு பைலா. கலியாணம் முடித்து மாமியை முதன்முதலாகக் கூட்டிவந்த பஸ்ஸில் ஓடிய பாட்டு. மாமி வழிநெடுக வயிற்றைப் புரட்டிச் சத்தியெடுத்தாள். “அந்தத் தாளத்துக்கேத்த மாதிரி எடுத்தா,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொள்வாராம்.

ஊர் திரும்பியும் வியாழக்கிழமை நிற்கவில்லை. கைபேசியில் குரூப்பொன்று போட்டு, மூன்று நாடுகளிலிருந்து பாட்டும் ஞாபகமும் வந்தபடி இருந்தன. மாமாவுக்குக் கொஞ்சம் காது மந்தம். அதனால் வீட்டுக்கு வந்த பாட்டு ரோட்டுக்கும் போனது. ஒரு நாள் பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்த அன்ஸாப் ஹாஜியார் வாசலில் நின்று காதைக் கொடுத்தார்.

“றம்ஸி தம்பி, மாமா ரெண்டாங் கலியாணம் முடிச்சிட்டாரா? உள்ளுக்குப் பொம்பளக் குரலொண்டு கேக்குது!”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். றம்ஸியும் சிரித்தான். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு அவன் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்கே குசினி மேசையில் பேரத்தைத் தொடங்கினான்.

“மாமா, இந்தப் பாட்ட விட்டுருங்க. நா உங்கள உம்ராக்கு அனுப்புறேன்.”

மாமா பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். பேரம் என்றால் அவருக்கு வயது பத்துக் குறைந்துவிடும். “ஹஜ்ஜுன்னா கதைப்போம்.”

“உம்ரா.”

“உம்ராக்கு ஜுமாட பாட்டு மட்டும் எடுத்துக்கோங்க. பஷீர்ட பாட்டு வேற தரம் மருமகன். மொதப் பறிப்புக் கராம்பு மாதிரி.”

“எல்லாம் சேத்துத்தான். குரூப்புல ஈந்தும் வெளிய வரணும்.”

“பழசுக்கு விலை பேசிட்டுப் புதுச எனாமாக் கேக்குறீங்க. கெட்டிக்காரன்தான், என்ட மகளுக்குப் பொருத்தமாத்தான் பாத்தீக்கிறேன்.” கோப்பையை மேசைமேல் ஒரு சுற்றுச் சுற்றினார். கஅபாவைக் காணாமலே மாமி கண்மூடி மவ்த்தாகிப் போனது இருவருக்கும் தெரியும். றம்ஸி அதைக் கணக்கில் எடுத்துத்தான் சாமானை முன்வைத்திருந்தான். மாமா கையை நீட்டினார். “சரி. பேசியாச்சி.”

அன்று மாலையே கசெட்டுகள் சாக்கோடு பழைய சாமான்காரனிடம் போயின. கைபேசி சுத்தமானது. வீடு அமைதியானது. றம்ஸி சபைக்குத் தெரிவானான்.

உம்ரா மட்டும் போகவில்லை. முதலில் கொரோனாவால் வழி அடைபட்டிருந்தது. வழி திறந்தபோது ரூபாய் விழுந்தது. ரூபாய் நிமிர்ந்தபோது மிளகு விழுந்தது. மிளகு நிமிர்ந்தபோது ஒரு சின்ன லொறி மலிவாக வந்தது. கேட்டு வருகிற கடன்காரனைச் சமாளிக்க வியாபாரிக்கு ஆயிரம் வழி. கேட்காதவனைச் சமாளிக்க ஒரு வழியும் கிடையாது, மறந்தவன்போல இருந்துவிட வேண்டியதுதான். மாமா கேட்கவேயில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் இரவு இஷா முடிந்ததும் நேரத்தோடு படுத்துக்கொள்வார்.

நேற்று அஸருக்குப் பிறகு, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, அவர் றம்ஸியைக் கிட்டே கூப்பிட்டார். இப்போது கேட்கப்போகிறார் என்றுதான் அவன் நினைத்தான். கேட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

“மருமகன், நா ஒரு கள்ளம் பண்ணிட்டேன்.”

“என்ன மாமா?”

“இரத்தோட்ட பஸ்ல. டிரைவர் ஒரு பாட்டுப் போட்டான், சிங்களப் பாட்டு. நா எறங்க வேண்டிய எடம் வந்திச்சி. எறங்கல்ல. முடியுமட்டும் சீட்டுலயே ஈந்தேன். பொறகு ரெண்டு பஸ் ஹோல்ட் திருப்பி நடந்தேன்.”

“அதுக்கென்ன மாமா.”

“அப்பிடிச் செல்ல ஏலா. பேசின பேச்சு. மத்த நாள்ல காதுல விழுந்தது விழுந்தது, நா கேக்கல்ல. அது நா கேட்டது.” இருமி முடிக்கும்வரை றம்ஸியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். “மன்னிச்சிக்கோங்க.”

“மன்னிச்சிட்டேன் மாமா,” என்றான் றம்ஸி.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. வாங்கிய சாமானுக்கு இன்னும் விலை கொடுக்காதவன், விற்றவனை மன்னித்துக்கொண்டிருந்தான். மாமா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். விடியற்கால சுபஹுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து, அஸரோடு பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். தொழுகைக்கு ஸப்பு ஸப்பாக வரிசை நின்ற பிறகு, தொழுவிக்க முன்னால் நின்ற ஹஸரத் திரும்பிப் பார்த்தார். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. வழக்கமான அறிவிப்பை றம்ஸிதான் சொல்ல வேண்டும். எத்தனையோ ஜனாஸாவில் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது அது.

“மாமாட்ட யாருக்காவது கொடுக்கல் வாங்கல் ஈந்தா, என்னச் சந்திச்சி எடுத்துக்கோங்க. மாமாட கையாலயோ நாவாலயோ யாருக்கும் மனம் நொந்தீந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க.”

இத்தோடு முடிந்தது. மவ்த்தானவரிடம் யாருக்குக் கடன் என்று கேட்கத்தான் சொல்லியிருக்கிறது. மவ்த்தானவருக்கு யார் கடன் என்று கேட்க யாரும் சொல்லித் தரவில்லை. றம்ஸி முன்னால் திரும்பியிருக்கலாம். திரும்பினால் வெள்ளைத் துணி போர்த்திய சந்தூக்கு நேரே இருக்கும். கால் திரும்பவில்லை.

“நா… நா மாமாக்குக் கடன். ஒரு உம்ரா.”

முதல் ஸப்பில் நின்ற அன்ஸாப் ஹாஜியார் தழுதழுத்த குரலில், “மாஷா அல்லாஹ்!” என்றார். பின்னால் முணுமுணுப்பு பரவியது. மாமனார் பேரில் உம்ரா செய்ய மனதில் நிய்யத் வைத்திருக்கிறானாம். மருமகனென்றால் இப்படி இருக்க வேண்டும். ஹஸரத்தும் தலையசைத்து, “மவ்த்தானவங்க பேர்ல தாராளமாச் செய்யலாம், தம்பி. அல்லாஹ் கபூல் செய்யட்டும்,” என்றார்.

இல்லை, அது அப்படியில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது, நேரமும் இருந்தது. தொழுகைக்குத் தக்பீர் கட்டும்வரை இருந்தது. சொல்லவில்லை. மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கையைப் பிடித்து ஸலாம் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரு பிடி கூடுதலாக அழுத்தினார்கள். கடன் ஒப்புக்கொண்டவனுக்குக் கடைத்தெருவில் மதிப்புக் குறையும், அவனுக்கு ஏறியது. மண் ஒட்டிய கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நடந்து வந்தான்.

பொழுதிறங்கி, மஃரிபுக்குப் பிறகு வீடு கொஞ்சம் வெறிச்சோடியது. மரண வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்பதால் அண்டை அயலிலிருந்து இடியாப்பமும் பருப்பும் வந்து குசினி மேசையில் மூடிக் கிடந்தன. றம்ஸியின் பொஞ்சாதி நுஸ்லா தன் வாப்பாவின் சாரங்களை மடித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

“பள்ளில உம்ரா கடன்னு சென்னீங்களாம். அடுத்த வீட்டு நஸ்மியா மாமி வந்து செல்லிச் செல்லி அழுதா. இப்பிடியொரு மருமகன் யாருக்குக் கெடைப்பான்னு கேட்டா.”

றம்ஸி முக்காலியில் உட்கார்ந்தான்.

“எதுக்கு வந்த கடன்னு சென்னீங்களா?”

“இல்ல.”

அவள் இன்னொரு சாரத்தை எடுத்து மடித்தாள். ஓரங்கள் பொருந்தவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

“நாளைக்கே ஏஜென்சில சல்லி கட்டுறேன்,” என்றான். “நீயும் வா. வாப்பா பேர்ல செஞ்சிட்டு வருவோம்.”

“செய்ங்க. அத செஞ்சிரலாம், எனக்குத் தெரியும்.” நிறுத்தினாள். “அவங்களுக்கு யாரு செல்லுறது?”

“யாருக்கு?”

நுஸ்லா தன் கைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“வாப்பா குரூப்ப விட்டு வந்த கையோட என்ட நம்பர அந்த மூணு கூட்டாளிமாருக்கும் குடுத்தேன். வாப்பாக்குப் போன் சரியில்ல, எனக்கு அனுப்புங்கன்னு அரகொற இங்கிலீஷுல பொய் சென்னேன். ஒரு நாள் வாப்பாக்குப் போட்டுக் காட்டப் போனேன். காதப் பொத்திக்கிட்டாங்க. ‘வேணாம் மகள், வித்த சாமான்’னு சென்னாங்க. பொறகு நானும் போடல்ல. வாப்பா கேக்காதத நா எப்பிடிக் கேக்குறது?”

றம்ஸி திரையை விரலால் தள்ளினான். பாட்டு, அதன் கீழே ஒரு குரல் பதிவு. பாட்டு, குரல் பதிவு. எதுவும் திறக்கப்படவில்லை. யாருடைய தம்பி, யாருடைய ஆறு, யாருடைய கலியாண வீடு என்று எல்லாம் வாய் மூடிய சாக்குகள்போல வரிசையாகக் கிடந்தன.

“பஷீர் மாமாட பாட்டு இப்ப வாறல்ல,” என்றாள் நுஸ்லா. “சூடான்ல சண்ட தொடங்கின பொறகு ஒண்டும் இல்ல. ஈக்கிறாரா இல்லையான்னும் தெரியா. கடைசியா வந்ததுல என்ன சென்னாரோ.”

“நீயே செல்லிரு நுஸ்லா. எனக்கு அவங்க பாஷ தெரியா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? நீங்க செல்லுங்க. வாங்கினது நீங்க.”

அவள் சாரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறந்தது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

றம்ஸி குரல் பதிவு செய்யும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினான். “அஸ்ஸலாமு அலைக்கும். நா ஸக்கரியாட…” என்றான். மருமகன் என்ற சொல் வரவில்லை. விரலை ஓரத்துக்கு இழுத்தான். பதிவு போகாமல் அழிந்தது. மறுபடி அழுத்தினான். இந்த முறை ஸலாமும் வரவில்லை.

வேறொன்றும் செய்யத் தெரியாமல் வந்து கிடந்த பாட்டுகளை எண்ணத் தொடங்கினான். அது கை பழகிய வேலை. பஷீர், முப்பத்தொன்று. ரொமேல், எழுபத்தேழு. ஜுமா, நூற்று நாலு. கூட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு. சரிபார்க்க அடியிலிருந்து மேலே இன்னொரு தரம் எண்ணிக்கொண்டு வந்தபோது கைபேசி அவன் கையில் அதிர்ந்தது. வெளியே இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். இன்று வியாழக்கிழமை.

ஜுமா, நூற்று ஐந்து.

மொத்தம், இருநூற்றுப் பதின்மூன்று.