எட்டு மணி நேரம்

மலேசியாவில், கிள்ளான் துணிக்கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். டேப்பைத் தொடுவதே இல்லை. துணியைக் கண்ணால் பார்த்தே இத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது ஊரிலிருந்து தம்பி ராசிக் கூப்பிட்டான். அம்மா மௌத்தாகிவிட்டார்கள். போன தடவை விடுப்பில் போயிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நசீரு, என்னை நீதான் கபுருக்குழியில இறக்கணும்" என்றார்கள். "அதெல்லாம் வந்துருவேம்மா" என்று சிரித்தேன்.

எப்போதும் திருச்சிக்குத்தான் பறப்பேன். அங்கிருந்து எங்கள் ஊர் ஒரு மணி நேரம். அன்று பார்த்து திருச்சி விமானத்தில் இடமில்லை, சென்னைக்குத்தான் கிடைத்தது. கடை வேன் ஓட்டும் தம்புசாமி என்னை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு விரட்டினான்.

வழியில் ராசிக் மறுபடி கூப்பிட்டான். "அண்ணே, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அடக்கம்னு ஜமாஅத்துல சொல்றாங்க. நீங்க வந்துருவீங்கன்னா சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் வைக்கலாம். அதுக்கு மேல முடியாது."

கணக்குப் போட்டேன். பதினொரு மணிக்குச் சென்னையில் இறங்குவேன். முதன்முதலாக மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரம். அப்படியானால் வீடு போய்ச் சேர ஏழாகிவிடும், அஸர் தாண்டிவிடும்.

"அண்ணே, மேப் போட்டுப் பாருங்க லா. ஹைவே எல்லாம் மாறியிருக்கும்" என்றான் தம்புசாமி.

"எங்க ஊரு ரோட்டை நீ எனக்குச் சொல்லித் தர்றியா? பேசாம ஓட்டுப்பா."

ராசிக்கிடம், "மையித்தை ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. எனக்காகக் காக்க வேணாம், அடக்கிருங்க" என்றேன். மார்க்கம் படித்த பெரிய ஆலிம் மாதிரி.

சென்னையில் வாடகைக் கார் பிடித்தேன். சாலை அகலமாக, எங்கும் நிற்காமல் ஓடியது. விழுப்புரத்தைத் தாண்டியபோது மணி ஒன்றே முக்கால். பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்றார் டிரைவர். அப்படியானால் அஸருக்கு முன்பே போய்விடலாம். ராசிக்கைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் தங்கை ஹபீபா எடுத்தாள்.

"ராசிக் அண்ணன் போனை வீட்லயே வச்சுட்டுப் போயிருச்சு. ஆம்பளைங்க எல்லாரும் கபுருஸ்தான்ல இருக்காங்க."

ஊருக்குள் நுழைந்தபோது நாலேகால். பள்ளிவாசலில் அஸருக்கு இன்னும் பாங்குகூடச் சொல்லவில்லை. கபுரின் மேல் மண் ஈரமாக இருந்தது. ராசிக் என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா வச்சிருப்போமேண்ணே" என்றான். அம்மாவை அவன்தான் இறக்கினான். நான் அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன். என் அம்மாவை என் வாயாலேயே அடக்கச் சொன்னவன் நான்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தேன். தம்புசாமி விமான நிலையத்துக்கு வந்திருந்தான். வேனை எடுத்ததும் மெதுவாகக் கேட்டான். "அன்னைக்கு சென்னையிலேருந்து எவ்வளவு நேரம்ணே ஆச்சு?"

"எட்டு மணி நேரம்" என்றேன்.

"அப்ப நீங்க சொன்னதுதான் லா சரி. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றான்.