வெள்ளைக்குள் அக்கா

ஓவியர் இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் திறந்தபோது, முதல் வேலையாகத் தன் வேலையை மறைத்தார்.

பல் மருத்துவமனைக் கூரையில் அவர் வரைந்த மேகங்கள், கீழே நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தன. மழலையர் பள்ளிச் சுவரில் அவருடைய ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் குழந்தைகள் அழுகையை நிறுத்தின. வீட்டில் அடுப்பு எரிந்தது இவற்றால்தான். ஆனால் இணையப் பக்கத்தில் இவற்றின் சுவடே இல்லை. அங்கே அவர் 'வண்ணங்களின் வழிப்போக்கன்'. மோவாயில் கை வைத்து, ஜன்னல் வழியாக எதையோ ஊடுருவிப் பார்க்கும் புகைப்படம் ஒன்று. அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்தது பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய்.

பக்கத்தை நடத்தியவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. செல்போன் கடையில் வேலை. உடைந்த திரைகளை மாற்றிய நேரம் போக, மற்ற நேரமெல்லாம் உலகத்துக்கு ஆலோசனை சொல்வான்.

"மாமா, முடிஞ்ச படத்த எவனும் பாக்க மாட்டான். வரையறதத்தான் பாப்பான். முதல்ல வெறும் வெள்ளை. அப்புறம் மூக்கு வரணும், கண்ணு வரணும். அப்பத்தான் விரல் தள்ளாம நிக்கும்."

"ஒரு படம் வரைய எனக்கு மாசக்கணக்காகும்டா."

"அதுக்கு ஏன் வரையணும்?"

அவன் யோசனை இதுதான். வரைந்து முடித்த பழைய படத்தின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டே வர வேண்டும். அதை வீடியோ எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டினால், தூரிகை பட்ட இடமெல்லாம் முகம் முளைக்கும். படம் எண்ணெய் வண்ணம், மேலே அடிப்பது தண்ணீர் கலந்த வெள்ளை. காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் படம் பழையபடி படம்.

ஓவியர் முகம் சுளித்தார். ஆனால் ஊரின் பெரிய கண்காட்சிக்கூடம், ஓவியர்களை அவரவர் பக்கத்தைப் பார்த்துத்தான் அழைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். சுளித்த முகம் மெல்லச் சரியாயிற்று.

அவர் வரைந்ததில் நல்ல படம் என்று ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவரிடம் இல்லை. அக்காவின் தையல் கடையில், மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. வழிப்போக்கன் ஆவதற்கு முன்பு, வெறும் தம்பியாக இருந்த காலத்தில் வரைந்தது. அக்கா ஒரு கண்ணைச் சுருக்கி ஊசியில் நூல் கோக்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் அவளை வரையவும் இல்லை, அத்தனை நேரம் பார்க்கவும் இல்லை.

"போட்டோ எடுத்துட்டுத் தரேன்கா."

"எடுத்துட்டுப் போ. சீக்கிரம் கொண்டாந்துடு. அந்த இடம் காலியா இருந்தா, நான் கடைக்கு வராத மாதிரியே இருக்கும் எனக்கு." மிச்சமான லைனிங் துணியில் படத்தைச் சுற்றி, குண்டூசி குத்திக் கொடுத்தாள்.

பல் மருத்துவமனை மேகங்களுக்குப் போக மிஞ்சிய வெள்ளை டப்பா வீட்டில் இருந்தது. அக்காவின் மோவாய் முதலில் போயிற்று. பிறகு உதடு, கழுத்து, சுருக்கிய கண். ஊசியிடம் வந்தபோது கை தயங்கியது.

"நிறுத்தாதீங்க மாமா. நடுங்கினா வீடியோல தெரியும்."

ஊசியும் போயிற்று. பின்னால் மனைவி துவைத்த துணிக் கூடையோடு அறையைக் கடந்து போனாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அது புதிதுமில்லை.

மச்சினன் உட்கார்ந்த இடத்திலேயே வீடியோவைத் திருப்பி, புல்லாங்குழல் சேர்த்து, ஏற்றிவிட்டான். ஓவியர் ஈரத்துணியை எடுத்தார்.

"இருங்க மாமா, இப்பத்தான் ஏறுது. வந்து பாருங்க."

பார்த்தார். இதயங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. 'மேதை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் மச்சினன் கடை முதலாளி. இருந்தாலும் மேதை மேதைதானே. ஓவியர் ஒவ்வொருவருக்கும் தன் கையால் பதில் எழுதினார். அடக்கமாகப் பதில் எழுதுவதற்கு நிறைய நேரம் பிடிக்கும்.

"கொடியில போட்டதெல்லாம் காஞ்சே போச்சு. யாராவது எடுத்து வைக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

ஓவியர் துள்ளி எழுந்தார். ஈரத்துணியால் துடைத்தார், அழுத்தித் தேய்த்தார். துணிதான் கிழிந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை முறை கழுவினாலும் அப்படியே இருக்கும் என்று அதில் பெருமையாகப் போட்டிருந்தது.

இதற்குள் வீடியோவின் கீழே வேறு விதமான பேச்சு கிளம்பியிருந்தது. 'அண்ணா, பின்னாடி அண்ணி ஏன் ரிவர்ஸ்ல போறாங்க?' 'கூடையோட ரிவர்ஸ் எடுக்கறதுக்கும் ஒரு திறமை வேணும்.'

"ஊரே சிரிக்குது. நான் நேராத்தானே நடந்தேன்?" என்று கேட்டாள் மனைவி. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடு என்று மச்சினனிடம் சொல்ல வாயெடுத்தபோது போன் வந்தது. கண்காட்சிக்கூடத்தை நடத்தும் அம்மையார்.

"அந்தப் பின்நடை இருக்கே, அது வேணும்னே வச்சதுதானே?"

உண்மையைச் சொல்ல அவருக்குத் தாராளமாக இடம் இருந்தது. "என் படைப்புல தற்செயல்னு எதுவும் கிடையாதுங்க" என்றார்.

"எனக்குத் தெரியும். நீங்க வரையல, அழிக்கிறீங்க. அந்த வெள்ளைதான் எங்களுக்கு வேணும்."

வெள்ளை கண்காட்சிக்குப் போயிற்று. தலைப்பு: 'இன்மையின் இருப்பு'. கீழே குறிப்பு: 'முகம் என்பது ஒரு பழக்கம். அதை நான் துறக்கிறேன்.' யாருடைய முகம் என்று குறிப்பில் இல்லை.

அக்காவிடம் "படம் கண்காட்சிக்குப் போகுதுகா" என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். அவளை வரச் சொல்லவில்லை. ஆனால் மச்சினன் போட்ட அழைப்பு அவள் போனுக்கும் போயிருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு, தனக்கென்று தைத்த புது உடையில், வாடிக்கைக்காரப் பெண்கள் இரண்டு பேரோடு வந்தாள். சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே கூடத்தைச் சுற்றினாள். தம்பி பேர் எழுதிய இடத்தில் நின்றாள்.

"என்னடா, இன்னும் துணிய எடுக்கலையா? யாராவது பெரிய மனுசங்க வந்து எடுப்பாங்களா?" பிறகு கூட வந்தவர்களிடம், "கொஞ்சம் இருங்க. இதுக்குள்ளதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, முடியைச் சரி செய்துகொண்டு படத்தின் பக்கத்திலேயே நின்றாள். திறந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்குமே.

அம்மையார் வந்தார். "இவங்க?"

"எங்க அக்கா" என்றார் ஓவியர்.

"அப்படியா! இந்தப் படம் உங்களுக்கு எப்படிப் படுதும்மா?"

"துணிய எடுத்தாத்தானே சொல்ல முடியும்" என்றாள் அக்கா.

அம்மையாருக்குக் கண் பனித்தது. "எவ்வளவு ஆழமாச் சொல்லிட்டாங்க" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் வெள்ளையை மறுபடி பயபக்தியோடு பார்த்தார்கள்.

ஓவியருக்குக் காது கொதித்தது. "அக்கா, அது துணி இல்ல. பெயின்ட். நான்தான் அடிச்சேன்."

"எதுக்கு?"

குறிப்பில் எழுதிய வார்த்தை ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. "வீடியோவுக்கு" என்றார்.

கூட வந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். 'வீடியோவுக்கு' என்றால் என்ன கோட்பாடு என்று அம்மையார் யோசித்துக்கொண்டிருந்தார். அக்கா விரலால் வெள்ளையைத் தடவினாள். தொடக் கூடாது என்று காவலாளி ஓடி வந்தார். அவள் விரலை எடுக்கவில்லை. ஊசியை மட்டும் ஓவியர் அந்தக் காலத்தில் வண்ணத்தை அப்பி, மேடாக வரைந்திருந்தார்.

"ஊசி இங்க இருக்கு" என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சதும் கொண்டாந்து மாட்டிடு. ஆணி சும்மா இருக்கு. வாங்கடி, பஸ் கூட்டமாயிடும்."

கொண்டுவந்து மாட்டினார். கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்துக்கொண்டே கேட்கிறார்கள், "என்னக்கா இது, வெறும் வெள்ளையா?"

"அது நான்தான். தம்பி வரைஞ்சான்" என்கிறாள் அக்கா, மிஷினை நிறுத்தாமல். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்தால் அவர் தாங்கிக்கொள்வார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அங்கே போய், முக்காலியில் உட்கார்ந்து, பென்சிலை வைத்துக்கொண்டு அவளை மறுபடி வரைய முயல்கிறார். வீடியோ எடுக்க வந்த மச்சினனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். மோவாய் வருகிறது, கழுத்து வருகிறது. கண்தான் வர மாட்டேன் என்கிறது.

"அக்கா, நூல் கோக்கும்போது அந்த ஒரு கண்ணச் சுருக்குவியே, அப்படிக் கொஞ்சம் சுருக்கேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நான் கண்ணாடி போட்டு எத்தன வருசமாச்சுடா" என்றாள்.