ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு சலான்

வினய் ஆறரைக்கு எழுவான். பல் தேய்ப்பான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான். கீழே இறங்கி, முனைத் தள்ளுவண்டியில் நாலு இட்லி தின்பான். திரும்பி வந்து, பேட்டரி சாகாமல் இருக்க மனைவி பூர்ணாவின் ஸ்கூட்டியை ஐந்து நிமிடம் ஓடவிடுவான். வீட்டில் ஒருத்தர் செத்தது போதும்.

அன்று ஸ்கூட்டியை அணைத்தபோது வாட்ச்மேன் ஒரு கவரை நீட்டினார். போக்குவரத்துப் போலீஸ் சலான். வண்டி வினய் பெயரில் இருந்ததால் குற்றமும் அவன் பெயருக்கே வந்திருந்தது. செல்போன் பேசிக்கொண்டு ஓட்டியது. குகட்பள்ளி, பிப்ரவரி பதினேழு, காலை 9.12. ஓரத்தில் ஸ்டாம்ப் அளவுக்கு, மை அப்பிய ஒரு போட்டோ. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பூர்ணா.

போட்டோ எடுத்த அன்றே பதினோரு மணிக்கு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூளையில் நரம்பு வெடித்துச் செத்துப்போனாள். மூன்று மாதமாகியும் அரசாங்கத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அவளைக் கடைசியாகப் படம் எடுத்தவன் ஒரு கான்ஸ்டபிள்.

அந்தப் போட்டோ அவனுக்குப் பெரிதாக வேண்டும். ஸ்டேஷனில் போய்க் கேட்டான்.

"ஃபைன் கட்டு, இல்லன்னா கோர்ட்டுக்குப் போ. இதென்ன கல்யாண ஆல்பமா?" என்றார் ரைட்டர்.

வக்கீல் வைத்தியநாதன் நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி. தமிழில் உருது கலந்துவிடும். கோட்டில் பான் கறை.

"கட்டிட்டா கேஸ் க்ளோஸ் சார். டெத் சர்டிஃபிகேட் கொடுத்தாலும் க்ளோஸ். செத்துப்போறதைவிட நல்ல டிஃபென்ஸ் நான் பார்த்ததில்ல."

"எனக்குப் போட்டோ வேணும்."

"அப்போ நக்கோ, ஒத்துக்காதீங்க. மறுத்தாத்தான் கேஸ் நடக்கும், ஒரிஜினல் ஃபைல்ல ஏறும், நான் காப்பி வாங்கித் தருவேன். ஒத்துக்கிட்டா அங்கேயே மூடிடுவான், போட்டோவும் போச்சு. சரி, யார்கூடப் பேசினாங்க?"

"என்கூட."

வைத்தியநாதன் முகம் மலர்ந்தது. "ஹவ், அதான்! உங்களுக்கு நெஞ்சுவலி. நீங்க கூப்பிட்டீங்க. 'பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்'னு அவங்க சொன்னாங்க. எமர்ஜென்சி!"

"அவதான் கூப்பிட்டா."

"கைக்கு சார், அதெல்லாம் ஜட்ஜுக்கு எதுக்கு?"

வினய் பத்து நாள் அந்த வசனத்தை மனப்பாடம் செய்தான். பூர்ணா அவனிடம் ஒருநாளும் 'பயப்படாதீங்க' என்று சொன்னதில்லை. மரியாதை எல்லாம் மாமியார் எதிரில் மட்டும்தான்.

கோர்ட்டில் ஆட்டோக்காரர்களும், ஒரே பைக்கில் மூன்று பேராகப் போன மாணவர்களும் வரிசையில் நின்றார்கள். இவன் பெயரைக் கூப்பிட்டதும் கான்ஸ்டபிள் ஒரிஜினலை மேஜைமேல் வைத்தார். முழுப் பக்கத்துக்கு இருந்தது. அவள் மூக்கு நுனி வியர்வைகூடத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து 'என்ன?' என்று விரித்தபடி கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா அப்படி என்ன அவசரமாப் பேசினாங்க?" மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டார்.

வைத்தியநாதன் தன் நெஞ்சைத் தடவிக் காட்டினார்.

வினய் போட்டோவையே பார்த்தான். இந்த வாயிலா அந்த வசனத்தைத் திணிப்பது? எழுந்து வந்து அறைவாள்.

"நெஞ்சுவலி எல்லாம் இல்லை சார். போன் பேசினது உண்மை. ஒத்துக்கறேன்," என்றான், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில்.

வைத்தியநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். கான்ஸ்டபிள் போட்டோவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். முடிந்தது.

மாஜிஸ்திரேட் மட்டும் விடவில்லை. "என்ன பேசினாங்கன்னு கேட்டேன்."

அதைத் தெலுங்காக்க அவனுக்கு மனம் வரவில்லை. தமிழிலேயே சொன்னான்.

"இட்லி மாவு நான் வாங்கட்டுமா, நீ வாங்கறியா? சட்டுனு சொல்லுடா, இங்கொருத்தன் என்னையப் போட்டோ புடிக்கிறான்."