மருந்து போடாத மூணு நாள்

எங்க ஊரு தண்ணி டேங்க்ல பிளீச்சிங் பவுடர் கலக்குறது என் வேலை. போட்டா நாத்தம்னு திட்டுவாங்க. போடாட்டி ஒருத்தனுக்கும் தெரியாது.

ஆடியில அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்துறதுக்கு முன்னாடி எங்க தெருக்காரப் பொம்பளை பூமாலை வந்து சண்டை போட்டுக்கினு நின்னுச்சு. "ஆத்தாவுக்கு ஊத்துற கூழ்ல மருந்து நாத்தம் அடிக்கணுமாண்ணே? மூணு நாளைக்குப் போடாதீங்க." தெருவே அது பக்கம் பேசுச்சு. எனக்கும் ரோஷம் வந்துருச்சு. எப்படியோ நாசமாப் போங்கன்னு விட்டுட்டேன்.

ஆக்கி வெச்ச கேப்பைக் கூழைப் பச்சைத் தண்ணி ஊத்தித்தான் கரைப்போம். சாக்கடையோரம் பைப்பு உடைஞ்சிருந்தது அப்ப யாருக்கும் தெரியல. கூழ் ஊத்துன மறுநாளே ஊரு முழுக்க வாந்தி, வயித்தால போச்சு. மத்தவங்க எல்லாம் பொழைச்சுக்கிட்டாங்க. பூமாலையோட ஆறு வயசுப் பொண்ணு வெண்ணிலாவை மட்டும் திண்டிவனம் ஆஸ்பத்திரியிலேர்ந்து துணியில சுத்திக் கொண்டாந்தாங்க.

அதுக்குள்ள நான் டேங்க்ல ரெண்டு பங்கு பவுடரைக் கொட்டியிருந்தேன். புள்ளையைக் குளிப்பாட்ட அதே தெருக்குழாயிலதான் தண்ணி புடிச்சாங்க. வாசல் முழுக்க மருந்து நாத்தம். ஒருத்தரும் மூக்கைப் பொத்தல.

பூமாலை குடத்துல கையை விட்டு மோந்து பாத்துச்சு. அப்புறம் என்னை நிமிர்ந்து பாத்துச்சு. அது கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் அறிவுகெட்டுப் போய் சொன்னேன். எல்லாம் தெரிஞ்ச நீங்க எதுக்குண்ணே என் பேச்சைக் கேட்டீங்க?"